கண்விழிக்க மறுக்கும் கணிப்பொறி

காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு கரண்டி மோர் ஊற்றினால் மறுநாள் காலையில் தயிர் கிடைக்கிறது. அந்த மோர் எங்கிருந்து வந்தது? நேற்றைய தயிரிலிருந்து. நேற்றைய தயிர்? அதற்கு முந்தைய நாள் மோரிலிருந்து. என்றாவது ஒரு நாள் உறைமோர் தீர்ந்துபோனால், பாத்திரம் நிறையப் பால் இருந்தும் பயனில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

கணிப்பொறிக்கும் இதே சங்கடம் உண்டு என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அது இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர், நினைவகத்தில் உள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும். அதற்கு மேல் எதுவும் அதற்குத் தெரியாது. மின்சாரம் நின்றதும் ராம் எனப்படும் அந்த நினைவகம் வெற்றுப் பலகையாகிவிடுகிறது. வேண்டிய கட்டளைகளெல்லாம் டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் டிஸ்கைப் படிப்பதற்கும் கட்டளைகள் வேண்டுமே! அவையும் டிஸ்கிலேயே இருந்தால் யார் போய் எடுத்து வருவது?

உங்கள் மேசைமேல் இருக்கும் கணிப்பொறி ஒரு நாள் காலையில் உயிர்பெறாமல் நின்றுவிட்டால், அதைப் பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ‘என்ன கெட்டுப்போயிற்று?’ என்பதல்ல. ‘எந்தப் படி வரை ஏறி வந்திருக்கிறது?’ என்பதுதான். அந்தப் படிகள் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனிதர்கள், அவரவர் நெருக்கடிக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனவை. அவற்றின் கதை தெரிந்தால், நின்றுபோன கணிப்பொறி எந்தப் படியில் நிற்கிறது என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

கையால் ஊட்டிய காலம்

1948-ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கணிப்பொறி தன் நினைவகத்தில் வைக்கப்பட்ட கட்டளைகளைத் தானே படித்து நிறைவேற்றியது. உலகில் அவ்வாறு நடந்தது அதுவே முதல் தடவை. ‘பேபி’ என்பது அதன் செல்லப் பெயர். நினைவகத்தில் மொத்தம் 32 சொற்கள், ஒரு சொல்லுக்கு 32 பிட்டுகள், அவ்வளவுதான். 2,62,144 என்ற எண்ணுக்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப்பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடிக்க 17 கட்டளைகள் கொடுத்தார்கள். 52 நிமிடம் உழைத்து விடை தந்தது. அந்த 17 கட்டளைகளும் உள்ளே போனது எப்படி? பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, பிட் பிட்டாக, மனிதக் கையால்தான்! குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல.

அடுத்த ஆண்டே இதற்கு ஓர் அழகான தீர்வு பிறந்தது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்ற இயந்திரம் 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடியது. அதில் கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுத்தார்கள். நாடாவைப் படிக்கும் கட்டளைகளை யார் கொடுப்பது? டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் 31 கட்டளைகளில் அதை எழுதி முடித்தார். ‘தொடக்கக் கட்டளைகள்’ என்று அதற்குப் பெயர். அந்த 31-ஐயும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பயன்பட்ட சுழல் சாவிகளில் கம்பி இணைப்பாகவே பொருத்திவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் சாவிகள் சுழன்று 31 கட்டளைகளையும் நினைவகத்தில் இறக்கும். அவை நாடாவைப் படிக்கத் தொடங்கும். கம்பியில் கட்டப்பட்டதை மின்சாரம் நின்றாலும் மறக்க முடியாதல்லவா? உறைமோருக்கு அடுத்த வீட்டை நம்பியிருக்க வேண்டிய நிலை அன்றோடு தீர்ந்தது எனலாம். இன்றுள்ள எந்தக் கணிப்பொறியைத் திறந்து பார்த்தாலும், வீலரின் அந்த யோசனை ஒரு சில்லின் வடிவில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் செயலுக்குப் பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள். பழைய பூட்ஸ்களின் பின்புறம், காலை நுழைக்கும்போது பிடித்து இழுக்க வசதியாக ஒரு வார் தைத்திருப்பார்கள். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தூக்கித் தன்னை உயர்த்திக்கொள்வது என்பது நடக்கவே முடியாத காரியத்தைக் குறிக்கும் அவர்களுடைய பேச்சு வழக்கு. 1950-களின் தொடக்கத்தில் ஐபிஎம் 701 இயந்திரத்தைப் பற்றி எழுதிய பொறியாளர்கள் அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். அது சுருங்கி ‘பூட்’ ஆயிற்று. ஆகவே, ‘பூட் ஆகலை சார்’ என்று நம்மூர் மெக்கானிக் சொல்லும்போது, அவர் சொல்வது பூட்டை அல்ல, பூட்ஸை!

வீலர் வழி காட்டிவிட்ட பிறகும் எல்லோரும் அவர் வழியில் போகவில்லை. காரணம் பணம்தான். கட்டளைகளை நிலையாகப் பதித்துவைக்கும் கருவிகளுக்குச் செலவு பிடித்தது. 1965-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற பிடிபி-8 என்ற சிறு கணிப்பொறியின் முகப்பில் வரிசையாகச் சாவிகள் இருக்கும். காலையில் வரும் ஆள் 6032, 6031, 5357 என்று தொடங்கும் பதினைந்து பதினாறு எண்களைச் சாவிகளை மேலும் கீழும் தட்டி உள்ளே செலுத்துவார். அந்தச் சிறு நிரல் நாடாவிலிருந்து சற்றுப் பெரிய நிரல் ஒன்றைப் படிக்கும். அது மேலும் பெரியதைக் கொண்டுவரும். தினமும் தட்டித் தட்டி அந்த எண்கள் பலருக்கு மனப்பாடமாகிவிட்டன. ஒரு சாவியைத் தவறாகத் தட்டினாலும் இயந்திரம் அசையாது. அப்படியானால் மறுபடியும் முதலிலிருந்து.

பத்தாண்டுகள் கழித்து, 1975 ஜனவரியில், வீட்டிலேயே வாங்கிப் பூட்டிக்கொள்ளக்கூடிய ஆல்டேர் 8800 அறிமுகமானபோதும் இதே சாவிகள்தாம். அதற்காக பேசிக் மொழியை எழுதிய பில் கேட்ஸிடமும் பால் ஆலனிடமும் ஆல்டேர் இயந்திரமே இல்லை. வேறொரு பெரிய கணிப்பொறியில் அதைப்போல் நடிக்கவைத்துத்தான் எழுதினார்கள். அதைச் செய்துகாட்ட ஆல்பகர்க்கி நகருக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்த ஆலனுக்குத் திடுக்கென்று ஒன்று நினைவுக்கு வந்தது. நாடாவில் பேசிக் இருக்கிறது, சரி. நாடாவைப் படிக்கச் சொல்லும் நிரல் எங்கே? அதை எழுதவே இல்லை! விமானம் தரையிறங்குவதற்குள் காகிதத்தில் எண்களாகவே அதை எழுதி முடித்தார். மறுநாள் அவற்றைச் சாவிகளில் தட்டினார், நாடா ஓடிற்று, இயந்திரம் ‘நினைவகம் எவ்வளவு?’ என்று கேட்டது. பிறகு 2+2 எவ்வளவு என்று ஆலன் கேட்க, 4 என்று அச்சடித்தது. பின்னாளில் உலகையே ஆண்ட ஒரு நிறுவனத்தின் முதல் வியாபாரம் அந்தச் சிறு நிரலால் தப்பிப் பிழைத்தது.

தன்னைத் தானே சோதிக்கும் இயந்திரம்

இன்றைய மேசைக் கணிப்பொறிகளின் பாட்டன், 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் பிசி. அதன் 8088 பிராசஸர் 10,48,576 பைட் முகவரிகளை எட்டக்கூடியது. மின்சாரம் வந்ததும் அது முதலில் பார்க்கும் இடம் எது தெரியுமா? கடைசி 16 பைட்டுகள் தொடங்கும் இடம். ஏன் அங்கே? ‘எதுவும் தெரியாவிட்டால் இங்கே போ’ என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அங்கே ரோம் என்ற அழியாத சில்லில் ஒரு கட்டளை காத்திருக்கும்: ‘அதோ அந்த இடத்துக்குத் தாவு’. தாவிய இடத்தில் பயாஸ் என்ற 8 கிலோபைட் நிரல் தொடங்குகிறது. பயாஸ் என்ற பெயர் ஐபிஎம் சூட்டியதன்று. கேரி கில்டால் 1970-களில் தம் சிபி/எம் இயக்க மென்பொருளில் பயன்படுத்தியது.

பயாஸ் செய்யும் முதல் வேலை என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. அது டிஸ்கை நோக்கி ஓடுவதில்லை; முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. பிராசஸருக்குக் கூட்டத் தெரிகிறதா? தன்னுடைய 8,192 பைட்டுகளையும் கூட்டினால் கடைசி எட்டு பிட்டுகளும் பூஜ்யமாக வருகின்றனவா? வராவிட்டால் ரோம் பழுது. கடிகாரம் ஓடுகிறதா? முதல் 16 கிலோபைட் நினைவகத்தில் எழுதியதை அப்படியே திரும்பப் படிக்க முடிகிறதா? பிறகு திரை, விசைப்பலகை, டிஸ்க். எல்லாம் சரி என்றால் ஒரு சிறிய ‘பீப்’.

அந்த ஒலி வெறும் மரியாதைக்காக அன்று. திரைக்கான அட்டையே கெட்டுப்போயிருந்தால் ‘திரை கெட்டுவிட்டது’ என்று எங்கே எழுதிக்காட்டுவது? அதனால்தான் நெடிய ஒலி ஒன்று, குறுகிய ஒலி இரண்டு என்று ஊதியது. திரை வேலை செய்யத் தொடங்கிய பின் தெரியவரும் குறைகளை எண்களாகக் காட்டியது: 201 என்றால் நினைவகம், 301 விசைப்பலகை, 601 ஃபிளாப்பி, ஹார்டு டிஸ்க் வந்தபின் 1701. ஆக, ஒலிகூட வராமல் கிடக்கும் இயந்திரம் சோதனையின் வாசலுக்கே வரவில்லை என்று பொருள். அப்போது சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. சுவரிலுள்ள பிளக், வயர், பின்னால் உள்ள சுவிட்சு, அதன் பிறகுதான் எஸ்எம்பிஎஸ் பெட்டி. அந்தப் பெட்டி தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றன என்று ஒரு சமிக்ஞை தரும்வரை பிராசஸரை விழிக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும். (வயரைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை மட்டும் திறந்து பார்க்காதீர்கள்.)

ஒலி வருகிறது, ஆனால் திரை இருட்டு என்றால், பெரும்பாலும் ராம் பலகையோ திரை அட்டையோ தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். நம்மூர்ப் புழுதியிலும் ஈரக்காற்றிலும் இந்த ஒரு வைத்தியத்தில் எழுந்துவிடும் கணிப்பொறிகள் ஏராளம்.

ஒரே நோய்க்குப் பல பாஷைகள் எப்படி வந்தன என்பது தனிக் கதை. ஐபிஎம் தன் பயாஸ் நிரலைக் கையேட்டில் அப்படியே அச்சிட்டு வெளியிட்டது. ஆனால் பதிப்புரிமை அதனுடையது, நகலெடுத்தால் வழக்கு. காம்பேக் நிறுவனம் 1982-இல் ஒரு தந்திரம் செய்தது. ஒரு குழு அந்த நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. மூல நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக ஒரு பயாஸை எழுதியது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனமும் இவ்வாறே எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. பிசியைப் போன்ற மலிவான இயந்திரங்கள் உலகெங்கும் பெருகின. 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் ‘அமி’ பயாஸ் கோடிக்கணக்கான கணிப்பொறிகளில் குடியேறியது; பின்னாளில் அந்நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை ஏற்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் பீப் கணக்கை வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒலியை எண்ணுவதற்கு முன் அது யாருடைய பயாஸ் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி, ஒவ்வொரு சோதனையைத் தொடங்கும்போதும் அதன் எண்ணை ஒரு குறிப்பிட்ட வாயிலில் எழுதிவிட்டுப் போகும். ஒரு சின்ன அட்டையை மதர்போர்டில் செருகினால், கடைசியாக எழுதப்பட்ட எண் சிவப்பு விளக்கில் தெரியும். அந்த எண்ணில்தான் இயந்திரம் நின்றுவிட்டது! தற்சோதனையின் ஆங்கிலச் சுருக்கத்தால் இதற்கு ‘போஸ்ட் கார்டு’ என்றே பெயர். கடைத்தெருவில் இன்றும் கிடைக்கிறது. தபால் நிலையத்தில் கேட்டுவிடாதீர்கள்.

அதே ஏடியில்தான் பேட்டரி ஒன்றும் வந்தது. முந்தைய பிசியில், எத்தனை நினைவகம், எத்தனை டிஸ்க் என்பதையெல்லாம் பெட்டியைத் திறந்து குட்டிச் சாவிகளில் வைக்க வேண்டும். ஏடியில் இவை பேட்டரியால் உயிர்வாழும் ஒரு சிறு நினைவகத்துக்கு மாறின. பேட்டரி ஓய்ந்தால் கணிப்பொறி தேதியை மறக்கும். எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்பதையும் மறக்கும். காலண்டர் திடீரென்று பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் வேறெதையும் தேடாமல் 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றுங்கள். சில பத்து ரூபாய்ச் செலவு.

512 பைட்டுகள்

சோதனைகள் முடிந்ததும் பயாஸ் டிஸ்கின் முதல் துண்டைப் படிக்கிறது. 512 பைட்டுகள், இந்தப் பத்தியைத் தமிழில் எழுதவே போதாத இடம்! ஹார்டு டிஸ்க் என்றால் அதில் 446 பைட்டுகள் நிரல், 64 பைட்டுகள் டிஸ்கின் பாகப்பிரிவினைப் பத்திரம், மீதி 2 பைட்டுகள் முத்திரை. அந்த இரண்டும் 85, 170 என்ற எண்களாக இருக்க வேண்டும். இரும எண்ணில் எழுதிப் பாருங்கள், ஒன்றும் பூஜ்யமும் மாறிமாறி வரும். முத்திரை சரியென்றால் பயாஸ் ஆட்சியை அந்த நிரலிடம் ஒப்படைத்துவிடும். அது யார், நல்லதா கெட்டதா என்று கேட்பதில்லை.

அந்த நம்பிக்கையால் விளைந்த தொல்லைகள் பல. வேலை முடிந்தபின் ஃபிளாப்பியை எடுக்க மறந்தால், மறுநாள் காலை ‘இது இயக்க டிஸ்க் அல்ல’ என்ற செய்தி வரும். அதைச் சொன்னது கணிப்பொறி அல்ல. அந்த ஃபிளாப்பியின் முதல் துண்டிலிருந்த குட்டி நிரல். 1986-இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து கிளம்பிய ‘பிரெய்ன்’ வைரஸ் குடிகொண்டதும் இதே இடத்தில்தான். ஃபிளாப்பி போனாலும் பழக்கம் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அச்சுக்கடையில், விண்ணப்பங்களுக்குக் கடைசி நாளன்று காலையில் கணிப்பொறி எழவில்லை. வாசலில் மாணவர் கூட்டம். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று தீர்மானித்துப் புதியது வாங்க ஆளும் அனுப்பிவிட்டார்கள். பின்புறம் யாரோ விட்டுப்போன பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தது. அதை உருவியதும் எழுந்துவிட்டது. வெளியே செருகிய எல்லாவற்றையும் முதலில் பிடுங்குங்கள். ஸ்குரூ டிரைவர் பிறகு.

இதைவிடக் கொடிய ஒரு நாளும் வந்தது. 1984-இல் ஜப்பானின் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். 1990-களில் பயாஸ் அந்தச் சில்லுக்கு மாறியது. குறை தெரிந்தால் புதிய பயாஸை எளிதாக ஏற்றிக்கொள்ளலாம். எல்லோரும் மகிழ்ந்தார்கள். எழுத முடிந்தால் அழிக்கவும் முடியுமல்லவா? தைவானில் ஒரு மாணவர் 1998-இல் எழுதிய ‘சிஐஎச்’ வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று ஹார்டு டிஸ்கின் முதல் ஒரு மெகாபைட்டைப் பூஜ்யங்களால் நிரப்பியது. கூடவே சிலவகை மதர்போர்டுகளில் பயாஸையும் அழித்தது. தென் கொரியா மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும். பீப் இல்லை, எண் இல்லை, எதுவுமில்லை. டிஸ்கை மாற்றிப் பயனில்லை, ஏனெனில் உறைமோரே கொட்டிப்போய்விட்டது. அதே மாதிரி மதர்போர்டு உள்ள வேறொரு இயந்திரத்தைத் தேடிப்பிடித்து, அதன் உதவியால் சில்லை மறுபடி எழுதினார்கள். சில மதர்போர்டுகளில் உபரியாக இரண்டாவது பயாஸ் சில்லையும் வைக்கத் தொடங்கினார்கள்.

2005-இல் பல நிறுவனங்கள் கூடி அமைத்த மன்றத்தின் மூலம் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை பயாஸின் இடத்துக்கு வந்தது. பழைய முறையில் 2.2 லட்சம் கோடி பைட்டுகளுக்கு மேற்பட்ட டிஸ்கைப் பிரித்து ஆள முடியவில்லை. அதுவும் மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. புதிய கணிப்பொறிகள் எழும்போது எண்களை மறைத்துவிட்டு, கம்பெனியின் சின்னத்தை அழகாகக் காட்டுகின்றன. பீப் ஊதும் குட்டி ஒலிபெருக்கியைப் பல பெட்டிகளில் வைப்பதே இல்லை. நோயாளியின் வாயைத் துணியால் கட்டிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எப்படி? நல்லவேளையாக, பல மதர்போர்டுகளில் பிராசஸர், நினைவகம், திரை, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் வைக்கிறார்கள். எது அணையாமல் எரிகிறதோ அங்கே கோளாறு.

எல்லாப் படிகளையும் ஏறி, கடைசிப் படியில் விழுவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று, நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு புதிய கோப்பை இணையம் வழியே அனுப்பியது. விண்டோஸ் எழும்போதே, அதன் மையத்திலேயே அமர்ந்துகொள்ளும் மென்பொருள் அது. கோப்பில் இருந்த பிழையால், தனக்கு உரியதல்லாத நினைவக இடத்தை அது படிக்க முயன்றது. விண்டோஸ் நீலத் திரையுடன் விழுந்தது. மறுபடி எழுந்தது, அதே கோப்பைப் படித்து மறுபடி விழுந்தது. 78 நிமிடங்களில், 10.57-க்கெல்லாம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. உலகெங்கும் விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின, இந்திய விமான நிலையங்களில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய அட்டைகளைக் கொடுத்து விமானம் ஏற்றினார்கள்.

அனுப்பிய வழியிலேயே திருத்தத்தையும் அனுப்பக்கூடாதா? அனுப்பினார்கள். ஆனால் இணையத்தோடு பேசும் அளவுக்கு இயந்திரம் விழித்திருந்தால்தானே அதை வாங்கிக்கொள்ளும்! மீண்டும் மீண்டும் துவக்கியதில் சில மட்டும், விழுவதற்கு முன் கிடைத்த நொடிகளில் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தன. மற்றவற்றுக்கு ஆள்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் உட்கார்ந்து, மிகக்குறைந்த நிரல்களோடு மட்டும் எழும் ‘சேஃப் மோடு’க்குள் நுழைந்து, 291 என்ற எண்ணுடைய கோப்பைத் தேடி அழித்தார்கள். டிஸ்கைப் பூட்டிவைத்திருந்த அலுவலகங்களில் அதற்கும் முன்னால், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியான 48 இலக்க எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியிருந்தது. அந்த எண்களையெல்லாம் சேமித்துவைத்திருந்த கணிப்பொறியும் சில அலுவலகங்களில் அன்று காலை எழவில்லை.